ஒரு சாவியிலிருந்து ஒரு நாடகம்

நாடகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எழுதி முடிக்கப்பட்ட ஒரு வசனப் பிரதி. ஆசிரியர் அதைப் படியெடுத்துக் கொடுப்பார். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரிப்பார். மாணவர்கள் மனப்பாடம் செய்து நடிப்பார்கள். அது நல்ல முறைதான். ஆனால் நாடகம் பிறக்க இன்னொரு வழியும் உண்டு. அந்த வழியில் முதல் நாள் கையில் வசனம் இருக்காது, கதைகூட இருக்காது. ஒரு குழு, ஒரு காலி இடம், எல்லாருடைய மனத்தையும் உறுத்துகிற ஒரு கேள்வி ஆகியவை மட்டுமே இருக்கும். குழுவினர் நடித்துப் பார்த்து, பேசி, மாற்றி, நீக்கி, மறுபடியும் நடித்துப் பார்த்துத் தங்கள் நாடகத்தைக் கண்டெடுப்பார்கள். எழுத்து வடிவம் கடைசியில்தான் வரும். இதைக் கூட்டுப்படைப்பு நாடகம் என்று சொல்லலாம்.

சிங்கப்பூரிலேயே இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. குவோ பாவ் குன் 1939இல் சீனாவில் பிறந்து, சிறுவயதிலேயே சிங்கப்பூருக்கு வந்தவர். 1989இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அவருடைய ‘பூனையைத் தேடும் அம்மா’ என்னும் நாடகம் 1988இல் மேடையேறியது. நடிகர்களோடு அவர் நடத்திய பயிற்சிப் பட்டறைகளில், அவர்கள் உடனுக்குடன் நடித்துக் காட்டியவற்றிலிருந்து அந்த நாடகம் வளர்ந்தது. ஹொக்கியன், மாண்டரின், ஆங்கிலம், மலாய், தமிழ், தியோச்சூ, கேண்டனிஸ் ஆகிய மொழிகள் ஒரே மேடையில் ஒலித்தன.

கதை எளிமையானது. ஒரு வயதான தாய்க்கு ஹொக்கியன் மட்டுமே தெரியும். அவருடைய பிள்ளைகள் மாண்டரினும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். மாண்டரின் பேசும் இயக்கம் 1979இல் தொடங்கியதை நினைவில் கொண்டால், இது எத்தனை வீடுகளின் கதையாக இருந்திருக்கும் என்பது புரியும். வீட்டில் பேச ஆளில்லாத தாய்க்கு ஒரு பூனையே துணை. பூனை காணாமல் போகிறது. தாய் தேடிப் புறப்படுகிறார். வழியில் ஒரு தமிழ் முதியவரைச் சந்திக்கிறார். அவரும் தம் பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது. முதியவருக்கு ஹொக்கியன் தெரியாது. ஆனாலும் கைகளாலும் முகத்தாலும் குரலாலும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளோடு பேச முடியாதவர், முன்பின் தெரியாத ஒருவரோடு பேசிவிடுகிறார். வசனத்தை நம்பி எழுதப்பட்ட காட்சி அன்று இது. நடிகர்களின் உடல்களே இதற்கு எழுதுகோல்.

பள்ளி நாடக மன்றத்திலும் இப்படி ஒரு நாடகத்தை உருவாக்கலாம். எட்டு மாணவர்கள், எட்டு வாரங்கள், முடிவில் இருபது நிமிட நாடகம் என்று வைத்துக்கொள்வோம்.

தலைப்பிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். “எதைப் பற்றி நாடகம் போடலாம்?” என்று கேட்டால், பகடிவதை, சுற்றுச்சூழல், தொழில்நுட்பத்தின் தீமைகள் என்று பதில்கள் வரிசையாக வரும். அவை முக்கியமானவை அல்ல என்று சொல்ல வரவில்லை. ஆனால், அவற்றின் முடிவு என்னவென்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். முடிவு தெரிந்த பிறகு தேடுவதற்கு என்ன இருக்கிறது? நாடகம் நான்கு பேர் மாறி மாறிப் பேசும் மேடைப்பேச்சாகிவிடும்.

அதற்குப் பதிலாக ஒரு பொருளிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டு வந்து, அதைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். கைக்கடிகாரம், தையல் பெட்டி, மங்கிய புகைப்படம், டிபன் கேரியர் என்று எட்டுப் பொருள்கள் தரையில் இருக்கும். எல்லாரும் பேசி முடித்த பிறகும் குழுவின் பேச்சு எந்தப் பொருளை நோக்கித் திரும்பத் திரும்பப் போகிறது என்று கவனியுங்கள். அதுதான் உங்கள் பொருள். நம் எட்டுப் பேருக்கும் ஒரு சாவி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவியின் பாட்டி, தாம் முன்பு குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் சாவியை இன்னும் வைத்திருக்கிறார். அந்த வீடு இருந்த புளோக் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சாவி இருக்கிறது, கதவு இல்லை.

இப்போது கேள்விகளை எழுதுங்கள். பதில்கள் வேண்டாம். வீட்டைத் திருப்பி ஒப்படைக்கும்போது சாவிகளையும் கொடுத்திருக்க வேண்டுமே, ஒன்றை மட்டும் பாட்டி ஏன் வைத்துக்கொண்டார்? யாருக்காவது தெரியுமா? அதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்? யாராவது அதைக் குப்பையில் போட்டுவிட்டால் என்ன நடக்கும்? கடைசிக் கேள்வியைக் கேட்டவுடன் சிலருக்குப் பகீரென்றிருக்கும். நாடகம் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த உணர்வே அடையாளம்.

அடுத்த கட்டத்தில் பேச்சைக் குறைத்து உடலைப் பயன்படுத்த வேண்டும். நாடகம் உருவாக்கும் குழுக்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான். இரண்டு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து விவாதிப்பார்கள். ஒரு காட்சிகூட உருவாகாது. எனவே, மூன்று மூன்று பேராகப் பிரிந்து, ‘பழைய வீட்டின் கடைசி இரவு’ என்பதை அசையாத ஒரு படமாக நின்று காட்டுங்கள். இதை உறைநிலைக் காட்சி என்பார்கள். பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் இத்தகைய உடற்படங்களைத் தம் பட்டறைகளில் விரிவாகப் பயன்படுத்தினார். பேசத் தயங்குபவர்களும் நின்று காட்ட முடியும் என்பது இதன் பெரிய நன்மை. ஒரு குழு பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு குழுவில் ஒருவர் மட்டும் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பார், மற்றவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். பார்ப்பவர்கள், “அவர் சுவரில் எதைத் தொடுகிறார்?” என்று கேட்பார்கள். நடித்தவருக்கே அது தெரியாது! பேரப்பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளாக இருக்கலாமே என்று யாரோ சொல்வார். அந்த நொடியில் நாடகத்துக்கு ஒரு சுவர் கிடைத்துவிடுகிறது.

பிறகு உடனடி நடிப்பு. இரண்டு பேருக்கு ஒரு சூழலை மட்டும் கொடுத்து மூன்று நிமிடம் நடிக்கச் சொல்லுங்கள். இதில் ஓர் அடிப்படை விதி உண்டு: எதிரே இருப்பவர் தருவதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பேத்தி: பாட்டி, இது எந்த வீட்டுச் சாவி?
பாட்டி: சாவியா? எங்கிட்ட ஏது சாவி?

இங்கே காட்சி நின்றுவிட்டது. பேத்தி தந்ததைப் பாட்டி மறுத்துவிட்டார். இப்போது இப்படிப் பாருங்கள்.

பேத்தி: பாட்டி, இது எந்த வீட்டுச் சாவி?
பாட்டி: மெதுவாப் பேசு. உங்கப்பா காதுல விழுந்துடப் போகுது.

ஒரே ஒரு வரிதான். ஆனால் அதில் ஓர் இரகசியம் பிறந்துவிட்டது. மேடைக்கே வராத அப்பாவும் கதைக்குள் வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பார்வையாளர் யோசிக்கத் தொடங்குவார்.

அதே காட்சியை இரண்டாவது முறை நடிக்கும்போது ஒரு கட்டுப்பாட்டைச் சேர்க்கலாம். பாட்டி பழைய வீட்டைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. பேத்தி கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தக் கூடாது. பேச வந்ததைப் பேச முடியாத பாட்டி என்ன செய்வார்? “சாப்பிட்டியா?” என்பார். சற்றுப் பொறுத்து மறுபடியும், “சாப்பிட்டியா?” என்பார். மூன்றாவது முறை அதைக் கேட்கும்போது பார்வையாளருக்குச் சிரிப்பு வராது. மனத்தில் இருப்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்லும் பாத்திரங்களைவிட, அதைச் சொல்ல முடியாமல் வேறொன்றைச் சொல்லும் பாத்திரங்கள் மேடையில் உயிரோடு இருக்கும்.

இவற்றையெல்லாம் ஒருவர் குறித்துக்கொண்டே வர வேண்டும். உடனடி நடிப்பில் வந்த நல்ல வரி அடுத்த வாரம் யாருக்கும் நினைவில் இருக்காது. குறிப்பெழுதும் வேலையை ஒரே ஆளிடம் விட்டுவிடாமல் முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு நடிக்க வாய்ப்பே கிடைக்காது.

மூன்றாம் நான்காம் வாரங்களில் குழு அறையைவிட்டு வெளியே போக வேண்டும். கற்பனை மட்டும் போதாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைக்கப்பட்டது. அது கட்டிய பழைய குடியிருப்புகள் சில, பின்னர் மறுமேம்பாட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டன. 2014இல் தங்ளின் ஹால்ட் வட்டாரத்தில் 31 புளோக்குகளுக்கு அத்தகைய அறிவிப்பு வந்தது. குடியிருந்தவர்களுக்குப் புதிய வீடு கிடைக்கிறது; மின்தூக்கி வாசலிலேயே நிற்கிறது; பலருக்கு அது மகிழ்ச்சியே. அந்த மகிழ்ச்சியும் உங்கள் நாடகத்தில் இடம்பெற வேண்டும். பாட்டி அழுகிறார், மற்றவர்கள் கல்மனத்தவர்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மகனும் மருமகளும் நல்ல எண்ணத்தோடுதான் வீடு மாறினார்கள் என்றால் நாடகம் இன்னும் கூர்மையடையும்.

எனவே, உங்கள் தாத்தா பாட்டிகளிடம் கேளுங்கள். “பழைய வீடு பிடித்திருந்ததா?” என்று கேட்டால், “பிடித்திருந்தது” என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். “காலையில் எழுந்ததும் முதலில் கேட்கும் சத்தம் எது?” என்று கேட்டுப் பாருங்கள். எதிர்வீட்டு மாக்சிக் கதவைத் திறக்கும் சத்தம், ரொட்டிக்காரர் அடிக்கும் மணி என்று காட்சிகளாகவே பதில்கள் வரும்.

ஒருவர் சொன்ன கதையை மேடையேற்றும்போது அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும். இதைச் சடங்காக நினைத்துவிடாதீர்கள். சாவியைக் கொண்டுவந்த மாணவியின் பாட்டி, வீடு மாறியபோது குடும்பத்தில் நடந்த ஒரு சண்டையையும் சொல்லியிருக்கக்கூடும். குழுவுக்கு அது அருமையான காட்சியாகத் தோன்றும். பாட்டிக்கோ அது பிள்ளைகளுக்கு முன்னால் வெளியே வரக் கூடாத செய்தி. அவர் வேண்டாம் என்றால் அதை விட்டுவிட வேண்டும். எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் சரி. அதே உணர்வைத் தரும் வேறொரு நிகழ்ச்சியைக் குழு கற்பனை செய்துகொள்ளலாம். குழுவில் இருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். நடிப்பின் சூட்டில் தன் வீட்டுச் செய்தியை ஒருவர் சொல்லிவிட்டால், அதைப் பயன்படுத்தலாமா என்று மறுநாள் அவரிடம் தனியாகக் கேளுங்கள்.

ஐந்தாம் வாரம் வரும்போது கையில் ஏறக்குறைய முப்பது சிறு காட்சிகள் சேர்ந்திருக்கும். இருபது நிமிட நாடகத்துக்கு ஏழெட்டுப் போதும். மற்றவற்றை நீக்க வேண்டும். கூட்டுப்படைப்பின் கடினமான பகுதி இதுதான், நட்புகள் உரசிக்கொள்வதும் இங்கேதான்.

உடனே வாக்கெடுப்பு நடத்துவது எளிது. ஆனால் அதில் வென்றவர்கள், தோற்றவர்கள் என்று இரு அணிகள் உருவாகும். தோற்றவர்கள் அடுத்த வாரம் ஒத்திகைக்குத் தாமதமாக வருவார்கள். அதைவிடக் கருத்து வேறுபாடு உள்ள இரண்டு காட்சிகளையும் நடித்துப் பார்ப்பது மேல். தன் காட்சியை விட்டுக்கொடுக்க மறுப்பவரைப் பார்வையாளர் இடத்தில் உட்கார வைத்து, அவருடைய காட்சியை மற்றவர்கள் நடிக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது அது நீண்டுகொண்டே போவது அவருக்கே தெரியும். அல்லது, அதன் வலிமை மற்றவர்களுக்குத் தெரியவரும். இரண்டும் நடப்பதுண்டு.

எல்லாக் குழுவிலும் உரக்கப் பேசும் ஓரிருவர் இருப்பார்கள். வாயே திறக்காத ஓரிருவரும் இருப்பார்கள். பேசாதவரிடம் கருத்து இல்லை என்று நினைத்துவிடுகிறோம். தமிழில் சரளமாகப் பேச வராது என்ற தயக்கத்தால்கூட ஒருவர் அமைதியாக இருக்கலாம். இதற்கு ஒரு வழி: கலந்துரையாடலுக்கு முன்பு ஐந்து நிமிடம் எல்லாரும் தாள்துண்டுகளில் கருத்தை எழுதட்டும். பெயர் எழுத வேண்டாம். துண்டுகளைக் கலைத்துப் போட்டு வேறொருவர் படிக்கட்டும். யார் சொன்னது என்று தெரியாதபோது, சொன்னது என்ன என்பதைத்தான் கேட்போம்.

நேரம் போதவில்லை என்று, நன்றாக எழுதும் ஒருவர் வார இறுதியில் வீட்டில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் எழுதிக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். வசனங்களும் அழகாக இருக்கும். ஆனால் மற்ற ஏழு பேரும் அன்றிலிருந்து ஒப்புவிப்பவர்கள் ஆகிவிடுவார்கள். நாடகத்தில் ஒரு வரி மறந்துபோனால், தாமே உருவாக்கிய காட்சியை ஒருவரால் சமாளித்துக்கொண்டு போக முடியும். மனப்பாடம் செய்தவர் அப்படியே நின்றுவிடுவார்.

இந்தக் கட்டத்தில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். “இந்தக் காட்சியை எடுத்துவிட்டால் பார்வையாளருக்கு எது தெரியாமல் போகும்?” என்பது பயனுள்ள கேள்வி. எதுவும் தெரியாமல் போகாது என்றால் அந்தக் காட்சி தேவையில்லை. தீர்ப்பை ஆசிரியரே சொல்லிவிட்டால் மாணவர்கள் அடுத்த முறை நடித்துப் பார்க்காமல் அவருடைய முகத்தைப் பார்ப்பார்கள்.

மொழியைப் பற்றி இரண்டு செய்திகள். உடனடி நடிப்பில் இயல்பாகப் பேசியவர்கள், எழுதத் தொடங்கியதும் திடீரென்று, “பாட்டி, தாங்கள் எதற்காக இச்சாவியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள்?” என்று எழுதிவிடுவார்கள். எந்தப் பேத்தியும் இப்படிக் கேட்க மாட்டாள். “பாட்டி, இதை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?” என்றுதான் கேட்பாள். வசனம் பேச்சுத்தமிழில் இருக்கட்டும். “பாட்டி சாவியை முந்தானையில் முடிகிறார்” போன்ற மேடைக்குறிப்புகள் எழுத்துத்தமிழில் இருக்கட்டும்.

இரண்டாவது, பிறமொழிச் சொற்கள். பாட்டி, “பாசாருக்குப் போயிட்டு வரேன்” என்று சொன்னால் அந்த மலாய்ச் சொல் அவர் இந்த ஊரில் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்கிறது. அதைச் ‘சந்தை’ என்று திருத்தினால் பாட்டியின் ஒரு பகுதி போய்விடும். பேத்தி ஆங்கிலம் கலந்து பேசுவது, இருவருக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டுகிறதென்றால் அதையும் வைத்துக்கொள்ளலாம். நடிப்பவருக்குத் தமிழ்ச்சொல் நினைவுக்கு வராததால் ஆங்கிலம் வந்திருந்தால், அந்தச் சொல்லைத் தேடிப் பிடியுங்கள். குவோ பாவ் குன்னின் நாடகத்தில் மொழிகள் கலந்து வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. உங்கள் காரணம் என்ன என்பதைக் குழு தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

காட்சிகளை வரிசைப்படுத்த, ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதித் தரையில் பரப்பி இடம் மாற்றிப் பாருங்கள். சாவி காணாமல் போவது முதல் காட்சியில் வந்தால் நாடகம் ஒரு தேடலாகும். நடுவில் வந்தால் ஓர் இழப்பாகும். அட்டைதான் இடம் மாறியது, நாடகமே மாறிவிடுகிறது.

முடிவுக் காட்சிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். முதலில் தோன்றும் முடிவு பெரும்பாலும், பேத்தி தன் தவற்றை உணர்ந்து பாட்டியைக் கட்டிக்கொள்வதாக இருக்கும். அப்படிக் கட்டிக்கொள்வதற்கு முந்தைய காட்சிகளில் அவள் என்ன செய்திருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் அந்த அணைப்பு வெறும் நடிப்பு. வேறு முடிவுகளையும் நடித்துப் பார்க்கலாம். புதிய வீட்டுச் சுவரில் பேத்தி தானே போய் நின்று, பாட்டியின் கையில் ஒரு பென்சிலைக் கொடுக்கலாம். அல்லது, பாட்டி கேட்பதற்கு முன்பே அவள், “சாப்பிட்டீங்களா, பாட்டி?” என்று கேட்கலாம். உங்கள் குழு இவற்றைவிட நல்ல முடிவைக் கண்டுபிடிக்கும்.

ஆறாம் வார இறுதியில் வசனத்தை எழுதி முடித்துவிடுங்கள். அதன்பின் புதிய காட்சிகளைச் சேர்க்க வேண்டாம். இனி ஒத்திகை: குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா, யார் எங்கே நிற்பது, மேடைப்பொருள்களை யார் எடுத்து வைப்பது என்னும் வழக்கமான வேலைகள். ஏழாம் வாரத்தில், நாடகத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஐந்தாறு பேரை அழைத்து நடித்துக் காட்டுங்கள். “நல்லா இருந்ததா?” என்று கேட்காதீர்கள், நண்பர்கள் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். “பாட்டி எதை விரும்புகிறார் என்று நினைத்தீர்கள்? எந்த இடத்தில் உங்கள் கவனம் சிதறியது?” என்று கேளுங்கள். ஆறு பேரில் நான்கு பேர் ஒரே இடத்தைச் சொன்னால், அந்த இடத்தை வெட்டக் கத்தரிக்கோலை எடுங்கள்.

மேடையேற்றத்துக்கு முன்னால் நிகழ்ச்சித் தாள் அச்சாகும். அதில் ‘கதை, வசனம்’ என்ற வரிக்கு எதிரே எட்டுப் பெயர்களையும் அகர வரிசையில் போடுங்கள். சாவியைத் தந்த பாட்டியின் பெயரைப் போடுவதற்கு முன் அவரைக் கேட்டுவிடுங்கள். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னாலும், முதல் வரிசையில் ஓர் இருக்கையை அவருக்கு எடுத்து வையுங்கள்.